கோவையும் அகவலையும்: புல்மோட்டைக் கனிய மணற்றொழிலை முன்வைத்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

நிர்வாக வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் சட்டங்களையும் தேர்தல்களையும் ஆட்சி மாற்றங்களையுமே தம் ஆய்வுப் பொருளாகக் கொள்கின்றனர். அச்சட்டங்கள் மக்களின் அன்றாட வாழ்வை எவ்வழியே வந்தடைகின்றன என்பதைத் தீர்மானிக்கும் அலுவலகக் கோவை, படிவம், சுற்றறிக்கை, குறிப்பு முதலியன ஆய்வாளரின் கவனத்தை மிக அரிதாகவே பெற்றுள்ளன. இன்று அக்கோவை காகிதத்தை விட்டுக் கணினித் திரைக்கு இடம்பெயர்ந்துவருகின்றது. நிறுவனமொன்றின் ஊழியர் மட்டும் தம்முள் பயன்படுத்துமாறு அமைந்த வலையமைப்பினை இன்ட்ராநெட் என்பர். அதனை இக்கட்டுரையில் நாம் அகவலை எனக் குறிப்பிடுவோம். அவ்வகவலையின் மீது பலர் ஒருங்கே ஆவணங்களை ஆக்கவும் திருத்தவும் அனுமதி வழங்கவும் உதவும் மென்பொருளைக் கூட்டுப்பணித் தளம் என்றும், அத்தளத்தின் மீது குறித்தவொரு தேவைக்காக ஆக்கப்படும் லீவு விண்ணப்பம், பழுது அறிவித்தல், கொள்வனவு அனுமதி போன்ற அமைப்புகளைப் பிரயோகங்கள் என்றும் வழங்குவோம்.

இப்பிரயோகங்களை ஆக்குதல் பொறியியலாளருக்கு மட்டுமே உரிய தொழினுட்பக் காரியம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆயின், படிவத்தை யார் வரைகின்றார், எம்மொழியில் வரைகின்றார், எவர் எதனைக் காணலாம் என்று யார் தீர்மானிக்கின்றார் என்பன அதிகாரம் பற்றிய வினாக்கள். இலங்கையில் இவ்வினாக்களுக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அளந்தறிவதற்கு ஏற்ற இடமாக நாம் புல்மோட்டையைத் தெரிந்துகொண்டுள்ளோம். செல்வம் ஓரிடத்தில் அகழப்பட, அது பற்றிய தீர்மானம் வேறோரிடத்தில் எழுதப்படும் தொழில்களுக்கு அவ்வூர் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1. மணலும் அரசும்

திருகோணமலை நகருக்கு வடக்கே சுமார் 50 கிலோமீற்றர் தொலைவில், கொக்கிளாய்க் களப்பின் அயலில், குச்சவெளிப் பிரதேச செயலாளர் பிரிவினுள் அமைந்தது புல்மோட்டை. பெரும்பான்மையும் தமிழ் பேசும் முஸ்லிம்கள் வாழும் ஊர் இது; அயற்கிராமங்களிலே தமிழரும் சிங்களவரும் வாழ்கின்றனர். இதன் கடற்கரையில் ஏறத்தாழ 7 கிலோமீற்றர் நீளத்துக்குக் கருமணல் படிந்துள்ளது. அம்மணலில் பெரும்பங்கு இல்மனைற். அதனுடன் றூற்றைல், சிர்க்கோன் ஆகியனவும் சிறிதளவு மொனசைற்றும் கலந்துள்ளன. இல்மனைற் காந்தத்தினால் ஈர்க்கப்படுவது. றூற்றைல் மின்னைக் கடத்துவது. சிர்க்கோன் இவ்விரு பண்பும் அற்றது. இவ்வேறுபாடுகளைப் பயன்படுத்தியே மணல் கழுவப்பட்டு, காந்தத்தாலும் உயரழுத்த மின்னாலும் கனியங்கள் பிரித்தெடுக்கப்படுகின்றன. இல்மனைற்றிலிருந்தும் றூற்றைலிலிருந்தும் பெறப்படும் தைத்தேனியம் ஈரொட்சைட்டே உலகெங்கும் வெள்ளைப் பூச்சுகளுக்கு வெண்மை தருகின்றது. புல்மோட்டையின் கரிய மணல் அந்நிய நாடுகளின் வெண்சுவராகின்றது எனலாம்.

இத்தொழிலுக்கென 1957ஆம் ஆண்டின் 49ஆம் இலக்க அரச கைத்தொழிற் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. நாட்டின் இயற்கை வளம் தனியார் கைக்குப் போகாது மக்களின் பெயரால் அரசின் கையில் இருத்தல் வேண்டும் என்ற கொள்கையின் வெளிப்பாடு அது. அக்கொள்கையின் முற்போக்குத் தன்மையை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆயின், அதே ஆட்சி அதற்கு முந்திய ஆண்டில், 1956இன் 33ஆம் இலக்கச் சட்டத்தினால், சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியிருந்தது என்பதையும் இணைத்தே நோக்குதல் வேண்டும். ஒரு சட்டம் புல்மோட்டை மணலை மக்களின் உடைமை என்றது. மற்றது அம்மணல் பற்றிய எழுத்தை அவ்வூர் மக்களின் மொழிக்குப் புறம்பாக்கியது. உற்பத்திச் சாதனம் பொதுவுடைமையாகும்போதே நிர்வாகச் சாதனம் ஒருசாராரின் உடைமையாகலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

கூட்டுத்தாபனம் 1992இல் முழுமையாக அரசுக்குச் சொந்தமான கம்பனியாக மாற்றப்பட்டது. போர்க்காலத்தில் இத்தொழில் பெரிதும் பாதிப்புற்றது. 1997 செப்டெம்பரில், கனிய மணல் ஏற்ற வந்திருந்த கோடியாலிற்றி என்னும் கப்பல் புல்மோட்டைக் கரைக்கப்பால் தாக்கப்பட்டது. 2009இல் போர் முடிவுற்ற பின்னர் வீதிகளும் பாலங்களும் திருத்தப்பட்டுத் திருகோணமலையுடனான போக்குவரத்து எளிதாயிற்று. சட்டவடிவம் மாறியது, காலம் மாறியது. அகழ்வுத் தளம் கிழக்குக் கரையிலும் தலைமையகம் கொழும்புப் பகுதியிலும் அமைந்த நிலை மட்டும் மாறவில்லை. இவ்விடைவெளியை நிரப்பும் பணியே கோவையின் பணியாக இருந்துவந்தது.

2. கோவையின் ஆட்சி

குடியேற்ற ஆட்சி இத்தீவில் விட்டுச்சென்றவற்றுள் மிக உறுதியாக நிலைத்தது கச்சேரியும் அதன் கோவை முறையுமாகும். ஒரு விண்ணப்பம் வந்து சேர்கின்றது. எழுதுவினைஞர் அதற்கு இலக்கமிட்டுக் கோவையில் இணைக்கின்றார். ஓரத்தில் குறிப்பு எழுதி மேலே அனுப்புகின்றார். மேலதிகாரி தம் குறிப்பை அதன்கீழ் எழுதுகின்றார். கோவை படிப்படியாக மேலேறி, தீர்மானம் பெற்று, மீண்டும் படிப்படியாகக் கீழிறங்குகின்றது. இம்முறையில் எழுதப்படாதது நிகழாததற்குச் சமம். எழுதுவினைஞரின் மொழி எதுவோ அதுவே அரசின் நினைவின் மொழியுமாகும்.

1956க்குப் பின் எழுந்த மொழிப் போராட்டத்தை இக்கோணத்திலிருந்து நோக்கினால் அதன் உட்பொருள் மேலும் விளங்கும். 1958இன் 28ஆம் இலக்கத் தமிழ்மொழி (விசேட ஏற்பாடுகள்) சட்டம் தமிழின் பயன்பாட்டிற்கு வரையறுக்கப்பட்ட சில இடங்களை அளித்தது. 1961 பெப்ரவரியில் தமிழரசுக் கட்சி தொடங்கிய சத்தியாக்கிரகம் வடக்குக் கிழக்கின் கச்சேரிகளின் வாயில்களிலே நடைபெற்றது. நாடாளுமன்ற வாயிலை விடுத்துக் கச்சேரி வாயிலைத் தெரிந்தமை தற்செயலன்று; மொழிச் சட்டம் மக்களைச் சந்திக்கும் இடம் அதுவே. அவ்வாண்டு ஏப்பிரலில் அக்கட்சி தனியாக அஞ்சற்சேவையொன்றைத் தொடங்கியதும் அதே உணர்வின் வெளிப்பாடாகும். கடிதம் போகும் வழியும் உரிமையின் ஒரு பகுதியே என்பதை அப்போராட்டம் உணர்ந்திருந்தது.

கருவியின் வரலாறும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை உருவாக்கினார். அலுவலகத்தில் தமிழ் எழுதுவதற்குரிய பொறி இவ்வாறு சட்டத்துக்கு முன்னரே ஆயத்தமாயிருந்தது. இடம் தராதது பொறியன்று, ஆட்சியே.

சட்டநிலை பின்னர் மாறிற்று. 1987இன் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. 1988இன் பதினாறாந் திருத்தம் சிங்களத்தையும் தமிழையும் நிர்வாக மொழிகளாக்கி, வடக்குக் கிழக்கு மாகாணங்களில் பொதுப் பதிவேடுகளைப் பேணுவதற்கும் பொது நிறுவனங்களின் அலுவல்களை நடத்துவதற்கும் தமிழ் பயன்படுத்தப்படும் என விதித்தது. 1991இன் 18ஆம் இலக்கச் சட்டம் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவை நிறுவிற்று. காகிதக் கோவையின் காலம் முடிவை நெருங்கிய வேளையிலேதான் தமிழுக்குக் கோவையினுள் நுழையச் சட்டபூர்வமான வழி திறந்தது என்பது வரலாற்றின் முரண்நகையாகும். அக்கதவு திறந்தபோது கோவையே வேறு வீட்டுக்குக் குடிபெயரத் தொடங்கியிருந்தது.

3. கூட்டுப்பணித் தளத்தின் பிறப்பு

அப்புதிய வீடு எவ்வாறு கட்டப்பட்டது? 1968 டிசம்பரில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கெல்பாட் தம் குழுவினருடன் நடத்திக்காட்டிய செயல்விளக்கத்திலே, இருவர் வெவ்வேறிடத்திலிருந்து ஒரே ஆவணத்தில் வேலைசெய்யலாம் என்பது காட்டப்பட்டது. 1973இல் இல்லினோய்ப் பல்கலைக்கழகத்தின் பிளேற்றோ என்னும் கற்பித்தற் கணினியமைப்பில் டேவிட் வூலி என்ற மாணவர் நோட்ஸ் என்னும் பிரயோகத்தை ஆக்கினார். பழுதுகளை அறிவித்து அவற்றுக்கு விடை பெறுவதே அதன் முதல் நோக்கம். அப்பல்கலைக்கழகச் சூழலில் பயின்ற றே ஓசி 1984இல் ஐரிஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் ஆக்கமான லோட்டஸ் நோட்ஸ் 1989இல் சந்தைக்கு வந்தது. 1995இல் லோட்டஸ் நிறுவனத்தை ஐ.பி.எம். 350 கோடி டொலருக்கு வாங்கிற்று. 1989ஆம் ஆண்டிலேயே ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேணர்ஸ்-லீ ஒரு முன்மொழிவை எழுதினார். ஆய்வாளர் வந்து போவதால் நிறுவனத்தின் உள்ளேயே தகவல் தொலைந்துபோவதைத் தடுப்பது எங்ஙனம் என்பதே அதன் பொருள். உலகளாவிய வலை என்று நாம் இன்று அறிவதும் ஓர் அலுவலகத்தின் உட்சிக்கலிலிருந்தே பிறந்தது.

நோட்ஸ் தளத்தின் உள்ளமைப்பை அறிவது நம் நோக்கத்துக்கு இன்றியமையாதது. பின்வந்த தளங்கள் பலவும் அதன் கருத்துகளை ஏதோவொரு வடிவில் பின்பற்றின. அதில் ஒவ்வொரு பிரயோகமும் ஒரு தரவுக்கோவை. அதனுள் ஆவணங்கள் உள்ளன. ஆவணத்தை நிரப்பவும் காணவும் உதவுவது படிவம். ஆவணங்களை வரிசைப்படுத்திக் காட்டுவது நோக்குப்பட்டியல். இவற்றை வரைபவரே பிரயோக ஆக்குநர். காகிதக் காலத்தில் படிவம் அச்சகத்தில் அடிக்கப்பட்டது. குறிப்பு கையால் எழுதப்பட்டது. படிவத்துக்கு அடங்காத செய்தியை ஓரத்தில் எழுத எழுதுவினைஞருக்கு இடமிருந்தது. திரைப்படிவத்துக்கு ஓரம் இல்லை.

இத்தளத்தின் இரு கூறுகள் புல்மோட்டை போன்ற இடத்துக்கு மிகவும் பொருத்தமானவை. முதலாவது, பிரதியொப்புமை. ஒரே தரவுக்கோவையின் பிரதிகள் இரண்டை இருவேறிடத்தில் வைக்கலாம். இணைப்பு அறுந்திருக்கும் வேளையில் ஒவ்வோரிடத்திலும் வேலை தொடரும். இணைப்புக் கிடைத்ததும் இரண்டும் தம் மாற்றங்களைப் பரிமாறி ஒத்துக்கொள்ளும். ஒரே ஆவணத்தை இருபுறத்தாரும் மாற்றியிருந்தால் தளம் ஒன்றைத் தலையாவணமாகவும் மற்றதை முரணாவணமாகவும் அருகருகே வைக்கும். கருத்து வேறுபாட்டை மேலிடத்தின் ஒரு கோட்டினால் அடித்துவிட்ட காகிதக் கோவையோடு ஒப்பிடுகையில் இது சிறிய முன்னேற்றமன்று. தொலைதூரக் கிளையைத் தலைமையகத்துக்குச் சமமான பிரதியாகக் கொள்ளும் கருத்து இதில் பொதிந்துள்ளது.

இரண்டாவது, அணுகற் பட்டியல். நோட்ஸ் தளத்தில் ஒருவருக்கு ஏழு படிநிலைகளில் ஒன்று வழங்கப்படும்: அணுகல் அற்றவர், இடுபவர், வாசிப்பவர், ஆக்குபவர், திருத்துபவர், வடிவமைப்பவர், முகாமையாளர். இவற்றுள் இடுபவர் என்னும் நிலை தனிக்கவனத்துக்குரியது. அவர் ஆவணத்தை உள்ளே இடலாம். இட்டபின் தாம் இட்டதையும் காணவியலாது. வடிவமைப்பவரோ படிவத்தையே மாற்றவல்லவர். முகாமையாளர் இப்பட்டியலையே மாற்றவல்லவர். கச்சேரியின் படிக்கட்டு இங்கு ஏழு படிகளாகச் செப்பமாகச் செதுக்கப்பட்டுள்ளது. முன்னர் வழக்கமாக இருந்தது இப்போது விதியாகின்றது; விதியை மீறிச் செல்ல இரங்கும் மனமுள்ள ஓர் எழுதுவினைஞர்கூட இடையில் இல்லை.

4. படிவத்தை வரைபவர்

பிரயோக ஆக்கம் எவ்வாறு அதிகாரமாகின்றது என்பதை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவோம். கனிய மணல் ஆலையொன்றில் மின்பிரிப்பான் ஒன்று பழுதுறுகின்றது எனக் கொள்வோம். பழுது அறிவித்தற் பிரயோகத்தில் இயந்திரத்தின் பெயர், நேரம், அறிவிப்பவர், காரணம் என நான்கு களங்கள் உள்ளன. காரணம் என்னும் களத்தில் விரும்பியதை எழுதவியலாது. தரப்பட்ட பட்டியலிலிருந்து ஒன்றைத் தெரிதல் வேண்டும். அப்பட்டியலிலே இயக்குநர் கவனயீனம், மின்தடை, உதிரிப்பாகத் தேய்வு ஆகிய மூன்றும் உள்ளன. மூன்று மாதங்களுக்கு முன் கேட்கப்பட்ட உதிரிப்பாகத்துக்கு மேலிடம் அனுமதி தரவில்லை என்பதே உண்மைக் காரணமாயின், அதனைத் தெரிவதற்குப் பட்டியலில் இடமில்லை. தொழிலாளி பொய் சொல்லவில்லை. உண்மைக்கு அங்கு களம் இல்லை. ஆண்டிறுதியில் நோக்குப்பட்டியல் காரணங்களைத் தொகுத்துக் காட்டும்போது மேலிடத்தின் தாமதம் வரலாற்றிலிருந்தே நீங்கியிருக்கும். பின்னர் வரும் ஆய்வாளர் அத்தொகுப்பையே சான்றாதாரமாகக் கொள்வர்.

அவ்வாறாயின், பட்டியலை வரைந்தவர் தீய எண்ணமுடையவரா? அவசியமில்லை. அவர் ஆலையைக் கண்டிராதவர். தேவைகளை மேலாளரிடம் கேட்டறிந்தவர். படிவத்தைத் தாம் அறிந்த மொழியில் வரைந்தவர். குறை தனிமனிதரிடம் அன்று, வேலைப் பிரிவினையிலேயே உள்ளது. இயந்திரத்தை அறிந்தவர் ஒருபுறமும் படிவத்தை வரைபவர் மறுபுறமும் நிற்கும்வரை இவ்விடைவெளி நீங்காது.

தளம் தன்னளவில் ஒத்துழைப்பைத் தோற்றுவிக்கும் என்ற நம்பிக்கையும் ஆய்வுக்குரியது. ஆய்வாளர் வாண்டா ஒர்லிகோவ்ஸ்கி 1992இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பெரிய ஆலோசனை நிறுவனமொன்றில் நோட்ஸ் நிறுவப்பட்டபோது நிகழ்ந்ததை ஆராய்ந்தார். தனித்திறனால் ஒருவரையொருவர் முந்தி உயர்வு பெறும் அமைப்பிலே தம் அறிவைப் பிறருடன் பகிர்வதற்கு ஊழியருக்கு ஊக்கம் இருக்கவில்லை. கூட்டுப்பணிக்கென வந்த கருவி தனிப்பணிக்கே பயன்பட்டது. கருவி உறவுகளின் மீது அமர்கின்றது. உறவுகள் மாறாவிடின் கருவி பழைய உறவுகளை விரைவுபடுத்துவதோடு நின்றுவிடும் என்பதே நாம் இதிலிருந்து பெறும் பாடம்.

எனினும் இவ்வேலைப் பிரிவினை தகர்க்கவியலாததன்று. 2001இல் மைக்ரோசொவ்ற் வெளியிட்ட ஷெயார்பொயின்ற் தளம் பட்டியல்களையும் ஆவண நூலகங்களையும் சாதாரண ஊழியரும் அமைக்குமாறு செய்தது. தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீதர் வேம்பு முதலியோர் 1996இல் தொடங்கிய நிறுவனம், பின்னர் ஸோஹோ எனப் பெயர்பெற்றது, 2006இல் கிரியேற்றர் என்னும் தளத்தை வெளியிட்டது. நிரலெழுதப் பயிலாதவரும் களங்களை இழுத்து வைத்துப் படிவம் அமைக்க அது வழிசெய்தது. அந்நிறுவனம் தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறை என்னும் சிற்றூரில் அலுவலகம் அமைத்து மென்பொருள் ஆக்கிவருகின்றது. நோட்ஸ் தளத்தையே 2019இல் எச்.சி.எல். நிறுவனம் ஐ.பி.எம். இடமிருந்து பெற்றுக்கொண்டது, அந்நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் பிறந்த சிவ நாடார். உலகின் அலுவலகங்களை ஒழுங்குபடுத்தும் தளங்களைத் தமிழ் மண்ணிலிருந்து வந்தோர் ஆக்குகின்றனர். தமிழ் பேசும் தொழிலாளி தன் பழுதைத் தமிழில் அறிவிக்க முடியுமா என்ற வினாவோ அதனால் தானாகத் தீர்ந்துவிடவில்லை. மூலதனத்தின் பிறப்பிடம் வேறு. கருவியின் மொழி வேறு.

5. எழுத்தும் இயந்திரமும்

கணினியில் தமிழ் எழுதும் வரலாறு இவ்விடத்திலே சுருக்கமாகவேனும் கூறப்படல் வேண்டும். இலங்கையில் நெடுங்காலம் பெருவழக்கிலிருந்தது பாமினி போன்ற எழுத்துருக்களாகும். இவற்றில் தட்டப்படும் தமிழ் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும் இயந்திரத்துக்குள் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்படும். எழுத்துரு இல்லாத கணினியில் அக்கடிதம் பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலாகிவிடும். அச்சிட்டுக் கையெழுத்திட்டு அனுப்பும் காலத்தில் இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. அகவலையிலோ இது உயிர்நாடியைத் தொடுவது. தேடும் வசதியும் வரிசைப்படுத்தும் வசதியும் இயந்திரம் எழுத்தை எழுத்தாக அறிவதிலேயே தங்கியுள்ளன. தேடிக் கிடைக்காத ஆவணம் இல்லாத ஆவணமே.

1991இல் வெளிவந்த யுனிக்கோட் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் அளிக்கப்பட்டது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெற் மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 விசைப்பலகை உருப்பெற்றது. 2010இல் தமிழ்நாட்டரசு யுனிக்கோட்டைத் தன் நியமமாக ஏற்றது. இலங்கையில் 2003இன் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் அமைந்தது. அதன் முயற்சிகளால் அரச அலுவலகங்களை இணைக்கும் இலங்கை அரச வலையமைப்பு உருவாயிற்று. தமிழ் எழுத்துக் குறிமுறைக்கும் விசைப்பலகைக்கும் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் நியமம் 2008இல் வகுக்கப்பட்டது. 2006இன் 19ஆம் இலக்க இலத்திரனியற் கொடுக்கல்வாங்கல் சட்டம் மின்னாவணத்துக்குச் சட்ட ஏற்பினை வழங்கிற்று. ஆகவே இன்று எழுத்துக்கு இயந்திரத் தடை இல்லை. மின்னெழுத்துக்குச் சட்டத் தடையும் இல்லை.

எஞ்சி நிற்பது வடிவமைப்பின் தடையே. இங்கு நாம் ஒரு வேறுபாட்டை வலியுறுத்த விரும்புகின்றோம். பிரயோகத்தின் பொத்தான்களையும் தலைப்புகளையும் தமிழில் மொழிபெயர்த்துவிட்டால் மொழியுரிமை நிறைவேறிற்று என்று பலர் கருதுகின்றனர். அது வாயிற்பலகையை மூன்று மொழியில் எழுதிவிட்டு உள்ளே ஒரு மொழியில் அலுவல் நடத்துவதற்கு ஒப்பாகும். ஆவணத்தின் உடல் எம்மொழியில் எழுதப்படுகின்றது, அது மேலே செல்லும்போது எம்மொழியில் வாசிக்கப்படுகின்றது, தீர்மானம் எம்மொழியில் திரும்புகின்றது என்பனவே தலையாய வினாக்கள். அரசியலமைப்பு பேசுவதும் பதிவேட்டின் மொழி பற்றியே. பலகையின் மொழி பற்றியன்று. புல்மோட்டையில் ஒருவர் தமிழில் இட்ட ஆவணம் தமிழாவணமாகவே பேணப்பட்டு, தேவைப்படுவோருக்குச் சிங்கள மொழிபெயர்ப்பு அதன் இணைப்பாகச் சேர்க்கப்படுமாயின் அது சட்டத்தின் கருத்துக்கு இசைவானது. மூலம் அழிக்கப்பட்டு மொழிபெயர்ப்பு மட்டும் எஞ்சுமாயின் அது 1956இன் கோவைமுறையே, மின்வடிவில். அதே நியாயம் தமிழறியாத சிங்களத் தொழிலாளிக்கும் உரியது. ஒரே பட்டறையில் இரு மொழியினர் வேலைசெய்யுமிடத்து இரு மொழியும் மூலமொழிகளாதல் வேண்டும்.

6. ஒரு மாற்று மரபு

இது வெறுங்கனவு என்று தள்ளுவோருக்கு நாம் சுட்டக்கூடிய வரலாற்றுச் சான்று ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கிழக்குக் கரையைச் சூறையாடியபோது திருகோணமலை மாவட்டமும் அழிவுக்குள்ளாயிற்று. காணாமற் போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றை ஒருங்கு பதியும் கருவி அன்று இருக்கவில்லை. இலங்கையின் மென்பொருள் வல்லுநர் தொண்டர்களாகத் திரண்டு, சில நாட்களுக்குள் சகன என்னும் வலைப் பிரயோகத்தை ஆக்கத் தொடங்கினர். நிவாரணம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். லங்கா மென்பொருள் மன்றம் அதன் வளர்ச்சிக்குத் தளமாயிற்று; அரசின் தேசிய செயற்பாட்டு நிலையத்தில் அது பயன்படுத்தப்பட்டது. நிரல் எவரும் எடுத்து மாற்றக்கூடிய திறந்த உடைமையாக வெளியிடப்பட்டமையால் பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, எயிற்றி முதலிய நாடுகளின் பேரிடர்களிலும் பின்னர் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமுதாய நலத் திட்டத்துக்கான தன் விருதினை 2006ஆம் ஆண்டுக்காக அதற்கு வழங்கிற்று.

இவ்வரலாறு இரு செய்திகளைத் தருகின்றது. பிரயோகத்தை ஆக்கும் ஆற்றல் இந்நாட்டுக்கு வெளியே மட்டும் உள்ளதன்று. தேவையை நேரிற் கண்டவர் ஆக்கும்போது படிவத்தின் களங்கள் மனிதரின் துயரத்துக்கு ஏற்ப அமைகின்றன. காணாமற் போனவரின் பெயருக்கு முதலிடம் தரும் படிவத்தை எந்த அலுவலகச் சந்தைப் பொருளும் முன்கூட்டி ஆக்கி வைத்திருக்கவில்லை. பேரிடரின்போது இயன்றது அன்றாடத்திலும் இயலும்.

7. முடிவாக

மேற்கூறியவற்றிலிருந்து பொது நிறுவனங்களின் அகவலைகள் பற்றி நாம் நான்கு கருத்துகளை முன்வைக்கின்றோம். முதலாவது, பிரயோகமொன்றின் படிவம் இறுதியாக்கப்படுமுன் அதனை நிரப்பப்போகும் தொழிலாளர் முன் வைக்கப்பட்டு, அவர்தம் தொழிற்சங்கங்களின் கருத்தும் பெறப்படல் வேண்டும். காரணப் பட்டியல்களில் பிற காரணம் என்னும் திறந்த களம் கட்டாயமாதல் வேண்டும். இரண்டாவது, இடுபவர் என்ற நிலையில் எந்த ஊழியரும் நிறுத்தப்படலாகாது. தாம் அளித்த ஆவணம் எங்கு நிற்கின்றது, யார் என்ன எழுதினார் என்பதைக் காண அவருக்கு உரிமை வேண்டும். மூன்றாவது, மூலமொழி ஆவணம் அழிக்கவியலாததாகப் பேணப்படல் வேண்டும். நான்காவது, வடிவமைப்பவர் என்ற நிலை தலைமையகத்துக்கு மட்டும் உரியதாயிருத்தலாகாது. தொழிற்களத்தில் ஒருவருக்கேனும் அது வழங்கப்பட்டு, அதற்கான பயிற்சியும் அவர் மொழியிலேயே அளிக்கப்படல் வேண்டும்.

2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரசுக்கு நூற்றுக்கு இருபத்தைந்து வீதமோ அதற்கு மேலோ பங்குள்ள கம்பனிகளையும் தன் எல்லைக்குட் கொண்டுள்ளது. கரையோர அகழ்வினால் கடலரிப்பு ஏற்படுமா, மீன்பிடிக்குத் தீங்கு நேருமா என்று கேட்கும் மீனவர் இச்சட்டத்தின் வழியே ஆவணங்களைக் கோரலாம். ஆயின் ஆவணத்தில் எழுதப்படாததை எச்சட்டமும் வெளிக்கொணராது. கேட்கும் உரிமை பயன் தருவது எழுதும் உரிமை இருந்த இடத்திலேயே. அகவலையின் உள்ளே இன்று வரையப்படும் ஒவ்வொரு படிவமும் நாளைய வெளியுலகம் எதனை அறியலாம், எதனை அறியவியலாது என்பதை இன்றே வரையறுத்துவிடுகின்றது.

1957இல் மணல் மக்களின் உடைமையாக அறிவிக்கப்பட்டது. அம்மணலைக் கழுவிப் பிரிப்போர் அது பற்றித் தம் மொழியில் எழுதவும், எழுதியதைக் காணவும், எழுதும் படிவத்தை மாற்றவும் உரிமை பெறும்போதே அவ்வறிவிப்பு முழுமை பெறும்.